கோவை கரிவரதனும் 796 சீ.சீ. எஞ்சினும்

(இணுவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகச் சைவம் பேசுவார்கள், இசை பேசுவார்கள், ஊர் வரலாறு பேசுவார்கள். அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட பெரியவர் ஒருவர், "அறக்கட்டளைக் கூட்டத்திலை கார் றேசோ?" என்று என்னிடம் நேரே கேட்டுவிட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இறக்குமதிக் கதவுகள் அடைபட்டுக் கிடந்த ஒரு நாட்டில், கைக்குக் கிடைத்த சாமானை வைத்து ஒரு விளையாட்டுக்கே உயிர் கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துச் சபையைவிடப் பொருத்தமான சபை எனக்கு வேறெங்கும் கிடைக்காது. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

அவர் பெயர் சுந்தரம் கரிவரதன். 1954இல் பிறந்து 1995இல் மறைந்தவர். பந்தய ஓட்டுநர், விமானி, கார் வடிவமைப்பாளர், தொழிலதிபர். இந்தியப் பந்தய உலகம் அவரைக் 'கரி' என்றே சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

கரியிடம் போவதற்கு முன் ஒரு தடவை அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டும். அங்கே ஸ்டொக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஸ்டொக் என்றால் கடையில் விற்பனைக்கு நிற்கும் கார். பந்தயத்துக்கென்று தனியே பிறக்காத கார். இதை உங்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்கள் நீங்கள். நெல்லும் எருவும் ஏற்றிய வண்டி, ஒரு நாள் மட்டும் சவாரித்திடலில் வேறொன்றாகிவிடும். மாட்டைத் தரம் பிரித்துச் சோடி சேர்த்து விடுவார்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குச் சுவை இருக்காது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கார் ஓட்டமும் இப்படித்தான் தொடங்கியது. அங்கே ஏற்றிய பாரம் கசிப்பு. மலைப்பகுதிகளில் காய்ச்சிய கசிப்பை ஏற்றிக்கொண்டு, பொலிசுக்குப் பிடிபடாமல் இரவில் பறந்த ஃபோர்டு கார்களும் அவற்றை முறுக்கேற்றிய மெக்கானிக்குகளும்தான் அந்த விளையாட்டின் முதல் தலைமுறையில் பெரும் பங்கு.

அந்தக் கூட்டத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் பில் பிரான்ஸ். 1909இல் வொஷிங்டனில் பிறந்தவர். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் குடும்பத்தோடு புளோரிடாவின் டேடோனா கடற்கரைக்கு வந்து கராச் நடத்தியவர். 1936இல் அந்த நகரசபை கடற்கரை மணலில் ஒரு பந்தயம் வைத்தது. பிரான்ஸ் அதில் ஓடி ஐந்தாவதாக வந்தார். நகரசபைக்கு 22,000 டொலர் நட்டம். அடுத்த ஆண்டு வேறொரு சங்கம் நடத்தியது, அவர்களுக்கும் நட்டம். 1938இல் பிரான்ஸ் தானே பொறுப்பேற்று நடத்தினார், காசு மிஞ்சியது. ஓடுவதைவிட நடத்துவதில்தான் தன் கை இருக்கிறது என்பது அவருக்கு அங்கே பிடிபட்டிருக்க வேண்டும்.

1947 டிசம்பர் 14இல் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலின் மேல்மாடியில் பந்தயக்காரர்களையும் ஏற்பாட்டாளர்களையும் கூட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் நாஸ்கார் என்ற அமைப்பு. அந்தக் காலத்தில் பந்தயம் முடிவதற்குள் பரிசுப் பணத்தோடு தலைமறைவாகும் ஏற்பாட்டாளர்கள் மலிந்திருந்தார்கள். ஊருக்கு ஒரு விதி. எந்த மாற்றம் செய்யலாம், எது செய்யக்கூடாது என்று யாருக்கும் தெரியாது. இதற்கெல்லாம் ஒரே விதிப்புத்தகம் என்பதுதான் அவருடைய கொள்கை.

அந்தப் புத்தகத்துக்குக் கடைக் கார்களுக்கென்று வைத்த முதல் பந்தயத்திலேயே சோதனை வந்தது. 1949 ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட் நகரம், மண் பாதை, 200 சுற்று. கடையில் வாங்கியபடியே கார் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. ஓடியது 1947ஆம் ஆண்டு ஃபோர்டு. பந்தயத்துக்குப் பின் சோதித்தால், பின் வில் திருத்தப்பட்டிருக்கிறது. கசிப்பு ஏற்றும் காருக்குச் செய்கிற வேலை அது. பாரம் ஏறினாலும் பின்பக்கம் பதியாது, பார்க்கிற பொலிசுக்குச் சந்தேகம் வராது. டனவேயின் வெற்றியைப் பறித்து, லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். கார்ச் சொந்தக்காரர் 10,000 டொலர் கேட்டு வழக்குப் போட்டார். தள்ளுபடியானது. ஓர் ஏற்பாட்டாளனின் உண்மையான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஜனங்கள் கைதட்டிய வெற்றியாளனைக்கூட விதிக்காக இறக்கிவிடுவது, பிறகு அதற்காக நீதிமன்றப் படி ஏறுவது.

பிரான்சைப் புகழ்ந்துவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டுநர்கள் 1961இல் தொழிற்சங்கம் அமைக்கப் பார்த்தபோது, முன்னின்ற கேர்டிஸ் டேர்னருக்கு ஆயுள் தடை விதித்தார். நான்கு ஆண்டுக்குப் பின்தான் அதை நீக்கினார். 1969இல் தல்லடேகா ஓடுபாதையில் ரயர் தாங்காது, ஆபத்து என்று முன்னணி ஓட்டுநர்கள் வெளியேறியபோது, வேறு ஆட்களை வைத்து ஓட்டத்தை நடத்தி முடித்தார். கறுப்பினத்தவரான வென்டெல் ஸ்கொட் 1963இல் ஜாக்சன்வில்லில் வென்றபோது கொடி காட்டியது வேறொருவருக்கு. கூட்டம் கலைந்த பிறகுதான் வெற்றி ஸ்கொட்டுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். விதிப்புத்தகம் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறக்கவில்லை. அமைப்பும் தலைமுறை தலைமுறையாகப் பிரான்ஸ் குடும்பத்தின் சொத்தாகவே இருந்துவருகிறது.

இனிக் கோயம்புத்தூர்.

கரி, லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. அந்த மில் 1910இல் தொடங்கியது. அந்த நகரத்தின் குணம் தெரியாமல் கரியை விளங்க முடியாது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அங்கத்தையவர். 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்தார்கள். நூல் மில்லுக்கு இயந்திரம், கிணற்றுக்குப் பம்பு, இரண்டுக்கும் வார்ப்படம் என்று ஊர் முழுக்க லேத்துச் சத்தம். ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வராவிட்டால், அதைப் பார்த்து இன்னொன்று கடைந்துவிடுவது அங்கே பெருமைக்குரிய சாதனை அல்ல, அன்றாட வேலை. பணமும் பட்டறையும் ஒரே வீட்டில் கூடியிருந்த ஊர் அது. கரிக்கு இரண்டும் வாய்த்தன.

சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகம் 1953இல் உருவானது. நகரத்துக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் பந்தயம். போர் விட்டுப்போன ஓடுதளங்களில் பந்தயம் வைப்பது அந்தக் கால வழக்கம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படி. நம் நாட்டில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவும் அப்படித்தான். சோழவரத்துக்கு இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் போய்ப் போட்டியிட்டிருக்கிறார்கள். ஓட்டம் நடக்கும் நாட்களில் பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள்.

ஆனால் பார்த்தது எதை? அந்தக் கால இந்தியாவில் வாங்கக்கூடிய கார் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டுக் கார் இறக்குவதற்கு உரிமம் வேண்டும், அதற்கு மேல் தலைசுற்றுகிற தீர்வை. கோண்டல் மகாராஜா போன்றவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார் கொண்டுவந்தார்கள். விஜய் மல்லையா 1980களில் என்சைன் என்ற போர்மியூலா வண் காரையே கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்கள் ஃபியட்டின் எஞ்சினைக் குடைந்து, தலையைச் சீவி, கார்பரேற்றரை மாற்றி ஓடினார்கள். கொடி விழுமுன்பே யார் வெல்வார் என்று கடலை விற்கிறவனுக்கும் தெரியும். சவாரியில் உழவு மாட்டோடு சவாரி மாட்டைச் சோடி சேர்த்த கதை அது.

கரியும் சோழவரத்தில் ஓடியவர், நல்ல ஓட்டுநர். காசுள்ள வீட்டுப் பிள்ளை. இன்னும் வேகமான வெளிநாட்டுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து, இன்னும் சில கோப்பைகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற தன் பட்டறையில் மற்றவர்கள் ஓடுவதற்கான காரைச் செய்யத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையில் நான் மிக முக்கியமாக நினைக்கும் திருப்பம் இதுதான்.

காலமும் அவருக்கு உதவியது. 1983 டிசம்பர் 14இல் மாருதி 800 கார் இந்தியச் சாலைக்கு வந்தது. ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் கூட்டமும் ஒரு டிசம்பர் 14தான். தற்செயல், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுசூக்கியின் 796 சீ.சீ. எஞ்சின், மூன்று சிலிண்டர், 40 குதிரைவலுகூட இல்லை. பந்தயக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். கரி பார்த்தது வேறு. எஞ்சின் சிறியது, பாரம் குறைந்தது. கியர்ப்பெட்டியோடு ஒரே தொகுதியாகக் கழற்றி எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் உதிரிப்பாகம் இந்தியாவின் எந்த நகரத்திலும் கிடைக்கும்.

இரும்புக் குழாய்களை ஒட்டுவேலை செய்து ஒரு சட்டகம். நடுவில் ஒருவர் மட்டும் படுத்த வாக்கில் இருக்க இடம். முதுகுக்குப் பின்னால் மாருதியின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும். சக்கரங்கள் நான்கும் வெளியே. போர்மியூலா மாருதி என்று பெயர். 1988இல் அது பந்தயத்துக்கு வந்தது. துல்லியமாகச் சொன்னால் இது ஸ்டொக் கார் அல்ல, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். ஆனால் அதன் இதயம் கடையில் வாங்கிய குடும்பக் காருடையது. பில் பிரான்ஸ் அந்த 1949 பந்தயத்துக்கு வைத்த நிபந்தனையின் ஆவி அதற்குள் இருந்தது. எல்லாரிடமும் ஒரே எஞ்சின், ஒரே பெட்டி, கிட்டத்தட்ட ஒரே எடை. இனி வெல்லவேண்டுமானால் வளைவில் வெல்லவேண்டும், எங்கே பிரேக் பிடிப்பது என்பதில் வெல்லவேண்டும்.

வலு குறைந்த காரில் பந்தயம் பழகுவதில் ஒரு நன்மை உண்டு. பெரிய எஞ்சின் இருந்தால் வளைவில் விட்ட பிழையை நேர்ப்பாதையில் மறைத்துவிடலாம். சின்ன எஞ்சின் மன்னிக்காது. வளைவில் சற்று வேகத்தை இழந்தாலும் அதை மீட்க அடுத்த நேர்ப்பாதை முழுக்கத் தேவைப்படும். ஆகவே ஓடுகிறவன் காரைத் தேவையில்லாமல் இழுத்தடிக்காமல், வேகத்தைக் காத்து ஓடப் பழகுவான். இது எந்தப் பெரிய காருக்குப் போனாலும் கூடவே வரும் பழக்கம்.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கழகம் தனக்கென்று நிரந்தர ஓடுபாதை திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய பாதையில் ஓடுவதற்குக் கோவையிலிருந்து கார்கள் போயின. ஓடுபாதை இருக்கிறது, ஓட ஒரே மாதிரியான கார் இருக்கிறது, ரயர்க் கொம்பனிகளும் ஆதரவு தருகின்றன. ஒரு விளையாட்டு நிலைத்து நிற்பதற்கு இவ்வளவும் சேர வேண்டும். இந்தியாவில் அது சேர்ந்த தருணம் அது.

விளைச்சல் வருவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 1977 தைப்பொங்கல் நாளில் பிறந்தவர். தகப்பன் தென்னிந்திய ரலியைப் பலமுறை வென்றவர். பிரான்சில் பயிற்சி பெற்று வந்த நரேன் 1993இல் இந்தியாவில் போர்மியூலா மாருதி ஓடினார். பின் இங்கிலாந்து, 1996இல் போர்மியூலா ஏசியா சம்பியன், 2005இல் ஜோர்டான் அணியில் போர்மியூலா வண். இந்தியாவின் முதல் போர்மியூலா வண் ஓட்டுநர். இரண்டாமவர் சென்னையின் கருண் சந்தோக். அவரும் 2000இல் போர்மியூலா மாருதியில் தொடங்கி, அதே ஆண்டில் தேசிய சம்பியன் ஆனவர். 2010இல் போர்மியூலா வண். அந்த உச்சம் வரை போன இந்தியர் இன்றுவரை இருவர்தான். இருவரும் ஏறிய முதற்படிகளில் ஒன்று கரி போட்டது.

இன்னொரு செய்தி. அதே 2010இல் நரேன் அமெரிக்கா போய் நாஸ்கார் அமைப்பின் ட்ரக் தொடரில் ஓடினார். அந்த ஆண்டு அந்தத் தொடரில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. கசிப்பு ஓட்டுநர்களை வைத்து பில் பிரான்ஸ் தொடங்கிய அமைப்பில், கரியின் ஊர்ப் பையன்.

இதைப் பார்க்கக் கரி இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்தார், நாற்பத்தொரு வயதளவில். நரேனுக்கு அப்போது பதினெட்டு. கோவைக்கு வெளியே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீற்றர் நீளமான ஓடுபாதை ஒன்று 2003இல் திறக்கப்பட்டபோது அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

கரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பந்தயத்தை ஏழைக்கும் எட்டச் செய்தார் என்று சொல்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நரேனும் கருணும் மோட்டார் பந்தயம் ஊறிய, வசதியான குடும்பங்களில் வந்தவர்கள். கருணின் பாட்டனார் மெட்ராஸ் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு மாருதி எஞ்சினுக்கே ஆண்டுச் சம்பளம் போதாத வீட்டுப் பிள்ளைக்குப் போர்மியூலா மாருதியும் எட்டாக்கனிதான். கரி செய்தது மகாராஜாக்களின் விளையாட்டை மில் முதலாளிகள், பட்டறைச் சொந்தக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள் வரை இறக்கியது. அதுவே பெரிய காரியம். அதைப் பெரிதாக்கிக் காட்டப் பொய் தேவையில்லை.

இலங்கையில் இந்த இறக்கம் இன்னும் குறைவு. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து வருகிறது. தேயிலைத் தோட்டத்துரைமார் தொடங்கிய பழக்கம். தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தை இராணுவக் கல்லூரி நடத்திவந்தது. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் போய்வரும் விளையாட்டு இது. யாழ்ப்பாணம் இந்த வரைபடத்தில் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வேறொரு வரைபடத்தில் இடம் உண்டு. தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. காங்கேசன்துறை வீதியில் அப்போது ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ-40உம் ஒஸ்டின் கேம்பிறிஜும் மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, தீப்பிடிக்காது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்கு விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பழைய ஆங்கிலேயக் கார்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. பின்னால் வந்த ஜப்பான் கார்களின் எஞ்சின்கள் தட்டத் தொடங்கிவிடும். இங்கிலாந்தில் ஒரு காலத்து பேர்குசன் உழவு இயந்திரங்களை இதே முறையில், பெற்றோலில் தொடக்கி வேறு மலிவான எண்ணெய்க்கு மாற்றித்தான் ஓட்டினார்கள். அவர்களுக்கு அதற்கென்று தொழிற்சாலையில் செய்த எஞ்சின் இருந்தது. நம்முடைய மெக்கானிக்குகளுக்குப் புத்தகமும் இல்லை, பாகமும் இல்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணியாக்கும், அதையும் சமாளிக்க வேண்டியிருந்தது. நோயாளியும் பிரேதமும் கலியாணப் பொம்பிளையும் அந்தப் புகையோடுதான் போய்வந்தார்கள்.

கரி இறந்த 1995ஆம் ஆண்டை இணுவிலில் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் மண்ணெண்ணெய்க் கார்களிலும் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு போனார்கள். கரிக்குத் தடையாக இருந்தது அரசின் இறக்குமதிக் கொள்கை. நம்முடையது போர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் கையில் உள்ள எஞ்சினைப் பார்த்து இதனால் என்னென்ன செய்யலாம் என்று கேட்கிற மூளை ஒன்றேதான். கோவையில் அந்த மூளைக்குப் பின்னால் மில்லும் மூலதனமும் கழகமும் நின்றன. ஆகவே அதன் பெயரில் இன்று ஓர் ஓடுபாதை இருக்கிறது. இங்கே நின்றது கராச்சுக் கொட்டில் மட்டும்.

அறக்கட்டளைச் சொற்பொழிவில் ஒரு வேண்டுகோள் வைப்பது மரபு. என்னுடையது இந்தச் சபையில் இருக்கும் இளையவர்களுக்கு. இணுவிலிலும் சுற்றுப்புறத்திலும் அந்தக் காலத்தில் கராச்சில் வேலை செய்தவர்கள், வாடகைக் கார் ஓட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் போய் இருங்கள். எந்தக் கார்பரேற்றரில் எதை மாற்றினார்கள், ஜெற் துவாரத்தை என்ன செய்தார்கள், ஒயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள், போத்தலை எங்கே கட்டினார்கள் என்று விபரமாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள், ஒவ்வொரு பாகமாகக் கேளுங்கள். சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள், பழைய காரோ பாகமோ மிஞ்சியிருந்தால் படம் எடுங்கள். சேர்த்ததை நூலக நிறுவனத்திடம் கொடுத்தால் அது பாதுகாத்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்யும். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை அந்தப் பதிவுகளிலிருந்து இணுவில் பிள்ளை ஒருவரே நிகழ்த்த வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.